ஓட்டு ஊரில், சோறு இங்கே

2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி முழுக்க ரிலீஸ் வேலை பார்த்துவிட்டு காலை ஏழு மணிக்குத்தான் படுத்திருந்தேன். ஒன்பது மணிக்கு அம்மாவிடமிருந்து போன்.

"எஸ்.ஐ.ஆர். பாரம் குடுத்துட்டுப் போயிருக்காங்கடா. உன் பேர்லயும் ஒண்ணு இருக்கு. அப்பா உனக்கும் சேத்து கையெழுத்து போட்டுடட்டுமான்னு கேக்குறாரு."

குடும்பத்தில் வயதுவந்தவர் யாராவது போடலாம் என்பது விதி. "போடச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. ஜனநாயகக் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். கரண்ட் போய்விட்டது.

மல்லாந்து கிடந்தபடி யோசித்ததைத்தான் எழுதுகிறேன். செஞ்சி பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வருஷத்தில் ஆறேழு தடவை போவேன். காஞ்சிபுரம் போய், வந்தவாசி வழியாக பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே இப்போது ரேஷன் கடை எந்தக் கிழமை திறக்கிறது, தெருவிளக்கு எரிகிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. இருங்காட்டுக்கோட்டையிலோ தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும், மழை பெய்தால் சிப்காட் ரோட்டில் எந்த இடத்தில் பைக் முழுகும், ஷிப்ட் பஸ் போன பிறகு ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பான், எல்லாம் தெரியும். ஐந்து வருஷமாக வரி, வாடகை, வசவு எல்லாம் இங்கே. ஓட்டு மட்டும் அங்கே.

எங்கள் ரூமில் நாலு பேர். நான் ஒருத்தன்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் (தொழிற்சாலை லைனில் ஓடும் சாப்ட்வேருக்குப் பொறுப்பு). மற்ற மூன்று பேர் லைனில் நிற்பவர்கள். ஒருத்தன் திருவாரூர், ஒருத்தன் தருமபுரி, ஒருத்தன் சங்கரன்கோவில். நாலு பேருக்கும் நாலு தொகுதி. இங்கே ஒருத்தனுக்கும் ஓட்டு இல்லை.

"இளைஞர்கள் எங்கே வாழ்கிறார்களோ அதைப் பொறுத்து அவர்கள் அரசியல் மாறும்" என்று படித்தவர்கள் சொல்வது உண்டு. வெளிநாட்டில் அது உண்மையும்கூட. இங்கிலாந்தில் கேன்டர்பரி என்று ஒரு ஊர். நூறு வருஷமாக கன்சர்வேடிவ் கோட்டை. 2017 தேர்தலில் லேபர் கட்சி அங்கே ஜெயித்தது. பல்கலைக்கழக மாணவர்கள் ஓட்டு அதற்கு முக்கியக் காரணம் என்றார்கள். ஊரில் இளைஞர்கள் வந்து தங்கினார்கள், ஊரின் எம்.பி. மாறினார்.

நம்ம ஊருக்கு வந்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்ய ஆரம்பித்தது. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசையாக தொழிற்சாலைகள். நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் மூடிவிட்டே போய்விட்டது. இந்தக் கால் நூற்றாண்டில் தமிழ்நாட்டு இளைஞர்கள் எத்தனை பேர் இங்கே வந்து தங்கியிருப்பார்கள்! ஆனால் இந்த ஊர் அரசியலில் அவர்கள் வந்த சுவடே தெரியாது. ஏன் என்று கேட்டால் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஏது சார் அரசியல், ரீல்ஸ் பார்க்கத்தான் நேரம் சரியா இருக்கு" என்பார்கள். சுத்தப் பொய். எங்கள் ரூமுக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி வந்து பாருங்கள். காது கிழியும்.

உதாரணம் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி சட்டசபையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டம் என்று ஊரே பேசியது. எதிர்ப்பு கிளம்பி மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அந்த மூன்று நாளும் எங்கள் ரூமில் தூங்கவில்லை. திருவாரூர்க்காரன், "நாலு நாள் வேலை மூணு நாள் லீவுன்னு சொல்லுவான், அந்த மூணு நாளும் ஓ.டி.க்கு வான்னு கூப்புடுவான்" என்றான். தருமபுரிக்காரன் காண்ட்ராக்ட். "எட்டு மணிக்கு மேல ஓ.டி.ன்னு நாலு காசு பாக்குறேன், அதுவும் போச்சா?" என்று அவன் கவலை. சங்கரன்கோவில்காரன் மட்டும் மூன்று நாள் லீவு கிடைத்தால் ஊருக்குப் போய்விட்டு வரலாமே என்று கணக்குப் போட்டான். மற்ற இரண்டு பேரும் அவனை அடிக்கப் போனார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஏற்கெனவே 12 மணி நேரம் வேலை பார்க்கிறவனுக்கு இதில் என்ன கருத்து இருக்க முடியும்? :-)

இதைவிடவா அரசியல் வேண்டும்? வேலை நேரம், கூலி, வீட்டுக்குப் போகிற நாள். மூன்றையும் ஒரு அறையில் வைத்து மூன்று விதமாகப் பேசுகிறார்கள்.

அதே ஆட்களை 2024 ஏப்ரல் 18 ராத்திரி பார்த்திருக்க வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை மக்களவைத் தேர்தல். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து ஓடினார்கள். ஊருக்குப் போய் இறங்கியதும் இன்னார் மகன், இன்ன தெரு. அங்கே 12 மணி நேர வேலையைப் பற்றிப் பேச யாரும் இல்லை. அப்பா எந்தக் கட்சி, சித்தப்பா எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குப் போனார், நம்ம ஆளுங்க இந்தத் தடவை யாருக்கு, இதுதான் பேச்சு. திரும்பி வந்த பிறகு தருமபுரிக்காரனிடம் கேட்டேன். "வீட்ல சொன்னதுக்குத்தான் மச்சி போட்டேன். அங்க நான் என்ன, விருந்தாளி மாதிரி" என்றான். அந்தத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவு, மாநிலத்திலேயே அதிகம். மத்திய சென்னையில் 54-ஐக்கூடத் தொடவில்லை. "படிச்சவன் ஓட்டு போட மாட்டான், கிராமத்தான்தான் போடுவான்" என்று டிவியில் பாடம் நடத்தினார்கள். அந்த 81-ல் எங்கள் ரூம் பையன் ஒருத்தன் இருக்கிறான், அவன் வாழ்வது ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் என்பதை எந்தப் பேச்சாளரும் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இங்கே ஒருத்தனின் கருத்தை உருவாக்குவது அவன் தங்கியிருக்கிற இடம். அவன் ஓட்டு போடுவதோ அவன் அப்பாவின் விலாசத்தில். இரண்டுக்கும் நடுவில் 200 கிலோமீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் அவன் கருத்து தொலைந்து போகிறது.

சரி, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? 2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பிட்டு, நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சில பேர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது உண்மை இல்லை. ஆனால் "இல்லை" என்று சொன்ன யாரையும் அந்தப் பெண்கள் நம்பவில்லை. ராத்திரியில் சென்னை-பெங்களூர் ஹைவேயில் உட்கார்ந்துவிட்டார்கள். விடிந்து வெகுநேரமாகியும் வண்டி நகரவில்லை. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் ஓடிவந்தது, தொழிற்சாலை சில வாரம் மூடியது, ஆப்பிள் கம்பெனியே அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. சோறு சரியில்லை, இடம் போதவில்லை என்பதைச் சொல்ல இருபது வயசுப் பெண்கள் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அவர்களைத் தேடிப் போய், "என்னம்மா சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்க ஒரு கவுன்சிலருக்கோ வட்டச் செயலாளருக்கோ என்ன அவசியம்? அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லையே.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி பிரம்மாண்டமான விடுதியை அரசு திறந்தது. சிப்காட் கட்டியது, செலவு 706 கோடி ரூபாய். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் சொர்க்கம். ஆனால் என் புத்தி கணக்கில்தான் போகும். ஒரு பூத்துக்கு 1,200 பேர் என்று வைத்தால் அந்த விடுதி மட்டும் 15 பூத்துக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர் சட்டசபைத் தொகுதியில் 2021-ல் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் சுமார் 11 ஆயிரம் ஓட்டு. ஒரே காம்பவுண்டுக்குள் ஒரு எம்.எல்.ஏ.வை மாற்றும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் வேறு மாவட்டப் பட்டியல்களில்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

முன்னாடி இப்படி இல்லை. பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் பின்னி மில் ஆட்கள் மில்லைச் சுற்றியே குடியிருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் பிறந்தது. பின்னாளில் அந்தச் சங்கத்தை நடத்திய அந்தோணிப் பிள்ளை இலங்கையிலிருந்து வந்தவர். 1957-ல் அவரையே வடசென்னைக்கு எம்.பி. ஆக்கினார்கள். அதே தேர்தலில் மில்கள் நிறைந்த கோயம்புத்தூரில் கம்யூனிஸ்ட் பார்வதி கிருஷ்ணன் ஜெயித்தார். மில் சங்கு ஊதுகிற சத்தம் எந்த வீட்டில் கேட்டதோ அந்த வீட்டு விலாசத்திலேயே ஓட்டும் இருந்தது. மில் பிரச்னை தொகுதிப் பிரச்னையாக ஆனது.

இங்கே அப்படி ஆகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டசபைத் தொகுதிகள். அதில் மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஐந்தும் சென்னைப் புறநகர். ஸ்ரீபெரும்புதூர் ஒன்றே ஒன்றுதான் இந்தப் பக்கம். பேர் மட்டும் நம்முடையது.

உள்ளூர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கதை வேறு. நிலத்தை சிப்காட்டுக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் லைன் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். டேங்கர் லாரி, ஸ்கிராப், லேபர் காண்ட்ராக்ட் என்று போனவர்களும் இருக்கிறார்கள். ஒன்றும் இல்லாமல் அதே கம்பெனிக்கு வாட்ச்மேன் ஆனவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு ஓட்டு இங்கேதான். அவர்கள் அரசியலும் கச்சிதமாக இந்த மண்ணோடு ஒட்டியது. தள்ளி, பரந்தூர் பக்கம் ஏகனாபுரத்தைப் பாருங்கள். விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2022-லிருந்து போராடிய ஊர். 2024 தேர்தலையே புறக்கணித்தார்கள். ஊரே ஓட்டு போடவில்லை என்றால் செய்தி ஆகிறது. இங்கே ஊரை விடப் பெரிய கூட்டம் ஓட்டு போடாமல் இருக்கிறது, அது செய்தியே இல்லை.

திருவாரூர்க்காரன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் தாத்தா காலத்திலிருந்தே செங்கொடிக் குடும்பம். "ஓட்டா முக்கியம்? சாம்சங்ல என்ன நடந்துச்சு? ஓட்டை வெச்சா சாதிச்சாங்க?" என்பான். 2024 செப்டம்பர் 9-லிருந்து 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் வேலைநிறுத்தம். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், அப்படியும் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யார் நின்றார்கள்? அந்தத் தொழிற்சாலை 2007-லிருந்து ஓடுகிறது. நான் பார்த்துப் பேசியவர்கள் பத்துப் பதினைந்து வருஷ சர்வீஸ்காரர்கள். கல்யாணம் ஆகி, பிள்ளையை இங்கேயே ஸ்கூலில் சேர்த்தவர்கள். வேர் விட்டவனால்தான் 37 நாள் சம்பளம் இல்லாமல் உட்கார முடிகிறது. எங்களை மாதிரி பையோடு இருக்கிறவன் சண்டை என்று வந்தால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அன்றைக்குத்தான் எடுத்துப் படித்தேன். 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 19-வது பிரிவு: 18 வயது ஆகி, தொகுதியில் சாதாரணமாக வசிக்க வேண்டும். 20-வது பிரிவு இன்னும் சுவாரஸ்யம். ஒரு இடத்தில் சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே வசிப்பதாக ஆகிவிடாது. ஆனால் தற்காலிகமாக வெளியே போனவர் வசிக்காதவர் ஆகிவிடவும் மாட்டார். ஐந்து வருஷம் தற்காலிகமா? அதை யார் முடிவு செய்வது?

அமெரிக்காவில் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. டெக்சாஸில் வாலர் கவுண்டி என்று ஒரு இடம். அங்கே பிரெய்ரி வியூ என்ற கறுப்பின மாணவர்களின் கல்லூரி. மாணவர்கள் ஓட்டு கேட்டுப் போனால் பதிவு அதிகாரி ஒரு கேள்வித்தாளை நீட்டுவார். இங்கே சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்தபின் இங்கேயே இருப்பாயா என்று கேள்விகள். மற்றவர்களுக்குக் கேட்காத கேள்வி. வழக்கு போய், 1979-ல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது.

நம்மிடம் அப்படிக் கேட்க ஒரு அதிகாரி தேவையில்லை, ஹவுஸ் ஓனரே போதும். வாடகை ஒப்பந்தம் போட்டுத் தாங்க, ஓட்டை மாற்ற வேண்டும் என்றேன். "ரூம்ல இருக்குற பசங்களுக்கு எதுக்கு தம்பி ஓட்டு? நாளைக்கு காலி பண்ண மாட்டேன்னு உக்காந்துக்கிட்டா?" என்றார். நல்ல மனுஷர்தான். தீபாவளிக்கு ஸ்வீட் கொடுப்பார். பயம் அவருக்கு.

2025 டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லாமல் போயின. அதில் 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள், விலாசத்தில் இல்லாதவர்கள். கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சண்டை போட்டார்கள். எனக்கு அந்த 66 லட்சத்தைப் பார்த்ததும் எங்கள் லைன் வீடுதான் ஞாபகம் வந்தது. ஊரில் "இங்கே இல்லை" என்று எடுத்துவிடுவார்கள். இங்கே "நீ யார்?" என்பார்கள். என் பேர் ஊர்ப் பட்டியலில் பத்திரமாக இருந்தது, அப்பாவின் கையெழுத்து புண்ணியத்தில். நான் அங்கே வசிப்பதாக.

அந்த வாரமே படிவம் 8 போட்டேன்.

இதில் ஒரு விஷயத்தை மறைத்தால் நேர்மையாக இருக்காது. எதிர் ரூமில் ஆறு ஒடிசாப் பையன்கள். அவர்களும் மூன்று வருஷமாக இங்கே. ஒருத்தன் நான் செல்போனில் படிவம் நிரப்புவதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எனக்கும் முடியுமா?" என்றான். எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. வெளிமாநிலத்தவர் இங்கே வாக்காளர் ஆகலாமா என்று 2025-ல் எவ்வளவு பேச்சு நடந்தது! அந்தப் பேச்சில் நானும் டீக்கடையில் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கு நான் கேட்கிற நியாயம் அவனுக்கு எப்படி இல்லாமல் போகும்? அதே ஷிப்ட், அதே தண்ணி லாரி. முடியும், ஆனால் ஊரில் பேரை விட்டுவிட வேண்டும் என்றேன். யோசித்தான். "அம்மா திட்டும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் அப்படிப் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ரொம்பக் கேவலமாகவும் இருந்தது.

ஜனவரியில் பூத் அலுவலர் அக்கா விசாரிக்க வந்தார். நான் ஷிப்டில் இருந்தேன். ஓனர் வாயைத் திறக்கவில்லையாம். அக்கா நேராக மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் கடன் நோட்டைப் பிரித்து வருஷவாரியாக என் பாக்கியைக் காட்டியிருக்கிறார். "அஞ்சு வருஷமா இங்கதாம்மா இருக்கான், எங்க போயிருவான்?" அண்ணாச்சிக்கு சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடை போட்ட மறுவருஷமே ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டவர். "லைசென்சுக்கு பஞ்சாயத்துல போய் நிக்கணும்லா, ஓட்டு இல்லாதவனை எவன் மதிப்பான்?" என்றார் என்னிடம். நான் ரெண்டாயிரம் வார்த்தையில் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார் மனுஷன்.

ரூமில் வேறு யாரும் மாற்றவில்லை. தருமபுரிக்காரன் மாற்ற மாட்டேன் என்றே சொல்லிவிட்டான், அடுத்த வருஷம் ஓசூர் போகிறானாம்.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஊர்ப் பட்டியலில் இனிமேல் உன் பேர் இருக்காதா என்று கேட்டார். இருக்காதுப்பா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பக்கத்தில் அம்மா, "ஓட்டு போடவாவது வருவான்னு இருந்தேன்" என்று சொன்னது கேட்டது. அப்புறம் அப்பாதான், "சரி, மலையனூர் மயானக்கொள்ளைக்கு வருவியா, மாட்டியா?" என்றார். லீவு கேட்டிருக்கிறேன் என்றேன்.